பன்னிரண்டு மணி அடுக்கு

ஆகஸ்ட் 7, திங்கள்

கருமாதி சனிக்கிழமை முடிந்தது. இன்றைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். முதலாளித் தம்பி சபரீசன் கேட்டிலேயே நிறுத்தி, இன்னும் பத்து நாள் இருந்துவிட்டு வந்திருக்கலாமே என்றான். வீட்டில் இருந்து என்ன செய்ய, ஓடு எண்ணவா என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உதட்டை ஒரு மாதிரி வைத்துக்கொண்டான். துக்க வீட்டுக்காரன் கேலி பேசினால் எதிரில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். இந்தப் பதினாறு நாளில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் இது.

போன வருஷத்து உரக்கடை டைரி. கிழமை ஒத்துப்போகவில்லை, அடித்துவிட்டு எழுதுகிறேன். மகள் பொள்ளாச்சியிலிருந்து போனில், ஏதாவது எழுதிப் பாருங்கள் அப்பா, மனசு லேசாகும் என்றாள். யூடியூபில் யாரோ சொன்னார்களாம். சரி.

பெயர் சென்னியப்பன். வயது எழுபத்தொன்று. படித்தது ஐந்தாவது வரைக்கும், அதில் நாலாவது இரண்டு தடவை. முப்பத்தாறு வருஷம் ஒரு மில்லில் பாய்லர் பார்த்தேன். இப்போது கணபதியில் சபரீசன் கம்பெனியில் பாய்லர். இங்கே செய்வது பாட்டு ரெக்கார்டு. கறுப்புத் தட்டு. இளவட்டங்களுக்குத் திடீரென்று அதன்மேல் ஆசை வந்திருக்கிறது. பிளாஸ்டிக்கை உருக்கிக் களி உருண்டை மாதிரி எடுத்து, பாட்டுக் கோடு பதிந்த இரண்டு அச்சுத் தகட்டுக்கு நடுவே வைப்பார்கள். என் நீராவி வந்து தகட்டைக் காய்ச்சும். மெஷின் அமுக்கும். பிறகு பச்சைத் தண்ணீர் ஓடிக் குளிரவைக்கும். ஓரத்தை வெட்டினால் தட்டு. சபரீசன் தானே கட்டிய மெஷின் என்பதால் மெதுவாகத்தான் போகும். மணிக்குப் பத்து தட்டு.

மெஷினை ஓட்டுவது மைனாவதி. முப்பத்தெட்டு வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினைந்து வருஷம் பிசிறு வெட்டியவள். இங்கே வந்து மெஷின் பழகிக்கொண்டாள். அவள் ஊரில் பெண்பிள்ளை ஆபரேட்டர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லையாம். என்னைப் பார்த்ததும் அழுதாள். உன் கண்ணீர் தகட்டில் விழுந்தால் பாட்டு கரகரக்கும், போய் வேலையைப் பார் என்றேன்.

லாக் புக்கில் மணிக்கு ஒரு தரம் அழுத்தம் குறிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கே சாயங்காலம் ஐந்து வரைக்கும் எழுதி முடித்தேன். ஏழு கிலோ, ஏழு கிலோ, ஏழு கிலோ. மில்லில் எல்லாரும் இப்படித்தான். ஆபீசர் எண்ணைப் பார்ப்பதில்லை. கட்டம் காலியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

பன்னிரண்டு மணிக்குக் கேட்டருகே ஒரு சின்ன லாரி ரிவர்ஸ் எடுத்தது. டிரைவருக்கு எந்தப் பக்கம் ஒடிப்பது என்று தெரியவில்லை. ஒன்பது தடவை முன்னும் பின்னும் போனான்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

நாளையிலிருந்து ஓடப்போகும் ரெக்கார்டின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சோமனூர்ப் பிள்ளைகள் நாலு பேர். எந்தக் கம்பெனியும் இல்லாமல் தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே பாடி, தாங்களே ரெக்கார்டு போடுகிறார்கள். குழுவுக்குப் பெயர் 'தறிச்சத்தம்'. பாடுகிறவள் தர்ஷனா, விசைத்தறிக்காரர் மகள். முடியை என்னைவிடக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். முதல் பாட்டில் நாலு நிமிஷம் அவள் அப்பாவின் தறி ஓடுகிற சத்தம், அதன்மேல் இவள் பாட்டு.

மில்லில் முப்பத்தாறு வருஷம் அந்தச் சத்தத்தைக் காசு வாங்கிக்கொண்டு கேட்டேன், நீ காசு கொடுத்துக் கேட்கச் சொல்கிறாயே அம்முணி என்றேன். அவள் அசரவில்லை. "தாத்தா, நீங்க கேட்டது நூல் நூக்கற ரிங் பிரேம். இது தறிங். உங்குளுக்கு வித்தியாசம் தெரியாதுன்னா, இன்னொருக்கா மில்லுக்கே போயிட்டு வாங்க" என்றாள். நல்ல வாய். வளரும்.

ஐந்நூறு தட்டு. செப்டம்பர் பத்தாம் தேதி டவுனில் ஒரு ஹாலில் வெளியீட்டு விழா.

ஆகஸ்ட் 9, புதன்

தட்டு ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு மணிக்கும் வருகிற பத்தை ஒரு கம்பியில் அடுக்கி, நேரம் எழுதின சீட்டைச் சொருகிவிடுவாள் மைனாவதி. ஒன்பது மணி அடுக்கு, பத்து மணி அடுக்கு என்று பெயர். அடுக்குக்கு ஒன்றைச் சபரீசன் காதில் மாட்டிக்கொண்டு கேட்பான்.

காலையில் அவனிடம் போய், பாய்லர் ரூமில் பாம்பு, நல்ல பாம்பு, படம் எடுத்து நிற்கிறது என்றேன். ஓடி வந்தான். தண்ணீர்க் குழாயைக் காட்டினேன். ஐயா, உங்களை எந்த விஷயத்தில் நம்புவது என்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதோடு மூன்று பாம்பு.

பன்னிரண்டு மணி. இளநீர்க்காரன் வந்தான். சைக்கிளில் இரண்டு பக்கமும் குலை. எதிர்க் கம்பெனிக்காரி ஒருத்தி பேரம் பேசி வாங்காமல் போனாள். செவலை நாய் ஒன்று கேட்டுக்கு வெளியே படுத்தது, எழுந்தது, இடம் மாறிப் படுத்தது.

ஆகஸ்ட் 10, வியாழன்

நிலக்கடலைத் தோலை இறுக்கிச் செய்த கட்டி ஒரு லோடு இறங்கியது. இதுதான் அடுப்புக்குத் தீனி. கால் மணிக்கு ஒரு தரம் நாலைந்து கட்டி போடவேண்டும். அடுக்கிவைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டு மணிக்குக் கேட்டில் யாரும் இல்லை. எதிர்ச் சுவரில் போன தேர்தல் எழுத்தின் மேல் டியூஷன் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் பாதி கிழிந்த சீட்டு நிதி விளம்பரம். எல்லாவற்றையும் படித்தேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, சனி

அரை நாள் லீவு கேட்டால் சபரீசன் கொடுப்பான். கேட்கவில்லை. ரேஷன் கார்டில் பெயர் நீக்க வேண்டும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். நீக்கிவிட்டால் என் பெயர் மட்டும் தனியாக நிற்கும். அதற்கும் அவசரம் என்ன.

வீட்டுக்காரி போன மாதம் இருபத்தொன்றாம் தேதி போனாள். தூக்கத்தில். எங்கள் வீடு மணியகாரன்பாளையம், இங்கிருந்து இரண்டு ஸ்டாப். தினமும் பன்னிரண்டு மணிக்கு அவள்தான் பஸ்ஸில் சோறு கொண்டுவருவாள். பாய்லர்காரனுக்கு ஊரோடு ஒத்த சாப்பாட்டு நேரம் கிடையாது. மற்றவர்கள் ஒரு மணிக்கு மெஷினை நிறுத்திச் சாப்பிடுவார்கள், நான் முன்னாலேயே முடித்துவிடுவேன். கேட்டில் முதலில் தூக்குப்போசி தெரியும், பிறகு கை, பிறகுதான் ஆள். பாய்லர் ரூம் படியில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். இதை எழுதவேண்டும் என்று உட்காரவில்லை. ரேஷன் கார்டிலிருந்து வந்துவிட்டது.

இப்போது நானே காலையில் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வருகிறேன். உப்பு எவ்வளவு என்று பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

முந்நூற்றைம்பது ஆகிவிட்டது. தர்ஷனா சனிக்கிழமையே வந்து பத்துத் தட்டு எடுத்துக்கொண்டு போனாளாம், பாட்டைப் பற்றி எழுதுகிற ஆட்களுக்கு அனுப்ப. கைக்கு எட்டின அடுக்கு பன்னிரண்டு மணி அடுக்கு. அதையே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

மைனாவதிக்கு இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் என்று சபரீசன் சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் சொன்னபோது, அப்படியானால் இனிமேல் உன்னை வேலையை விட்டு அனுப்பவே முடியாதா, ஐயோ பாவம் சபரீசன் என்றேன். சிரித்தாள். நல்லது.

பன்னிரண்டு மணிக்குத் தண்ணி லாரி. ரோட்டு நடுவே சொட்டிக்கொண்டே போயிற்று. ஈரம் காய்கிறவரை பார்த்தேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

லீவு. கம்பெனி வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு மணி நாலு ஆகியிருந்தது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இரண்டு நாள் எழுதவில்லை. இப்போது கோவையாக எழுதப் பார்க்கிறேன்.

புதன்கிழமை காலையில் தர்ஷனா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சென்னையில் பாட்டைப் பற்றி எழுதுகிறவர் ஒருவர், முதல் பாட்டில் தறிச் சத்தத்துக்கு அடியில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறதே, என்ன துணிச்சல் என்று புகழ்ந்து எழுதியிருக்கிறார். இவளுக்கு அப்படி எந்தச் சத்தமும் போட்டதாக ஞாபகம் இல்லை. அனுப்பினது போக மீதியிருந்த ஒரு தட்டை வீட்டில் போட்டுக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

"அது எங்க தறி இல்லீங்ணா" என்றாள் சபரீசனிடம். "பொறந்ததுலருந்து அந்தத் தறிக்குப் பக்கத்துலதான் தூங்கறேன். அது ஒருநாளும் இப்படிக் கிழிஞ்சு பேசாது."

சபரீசனும் அடுக்குக்கு ஒன்று கேட்டவன்தான். ஆனால் முதல் பாட்டே சத்தம் என்பதால், அதற்குள் இருந்த இன்னொரு சத்தம் அவனுக்குத் தனியாகத் தெரியவில்லை. தறி என்றே நினைத்திருக்கிறான். மீதி முந்நூற்று நாற்பதையும் எடுத்து, அந்தச் சத்தம் வருகிற இடத்தை மட்டும் போட்டு ஒன்றரை நாள் உட்கார்ந்து கேட்டான். மற்ற எல்லா அடுக்கும் சுத்தம். பன்னிரண்டு மணி அடுக்கில் மட்டும், ஐந்து நாளும், பத்தில் ஆறு ஏழு கெட்டது. தகட்டில் சூடு போதாவிட்டால் உருண்டை கோட்டுக்குள் முழுக்க இறங்காதாம். இறங்காத இடம் கிழிகிற மாதிரிக் கேட்குமாம்.

சூடு குறைய இரண்டே வழி. நீராவி இறங்கியிருக்க வேண்டும், இல்லை மெஷின்காரி சூடேறும்வரை பொறுக்காமல் அமுக்கியிருக்க வேண்டும். நேற்று மத்தியானம் சபரீசன் பாய்லர் ரூமுக்கு வந்து லாக் புக்கைப் புரட்டினான். ஏழு, ஏழு, ஏழு. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. ஐயா புக்கு பக்கா என்று சொல்லி மூடிவைத்தான். நான் அடுப்பில் கட்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் மெஷின்காரி. ஒரு மணிச் சாப்பாட்டு அவசரத்தில் முன்னாலேயே அமுக்கிவிட்டாள் என்று முடிவு பண்ணிவிட்டான். சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் சொல்வதுதான் அவன் பழக்கம். திங்கட்கிழமை புதுத் தகடு வருகிறது, வேறு ஆள் வைத்துப் பார்க்கிறேன், நீ கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றான்.

இன்றைக்குக் காலையில் மைனாவதி பாய்லர் ரூமுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"பெரியப்பா, பன்னெண்டு மணிக்கு ஸ்டீம் எறங்குதுங்ளா?"

"எறங்கினா அடுத்த ஸ்டாப்புல ஏத்திக்கலாம்" என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். அந்தப் பதில் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. தயாராக இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 19, சனி

மெஷின் நின்றிருக்கிறது. பாய்லரைக் கழுவினேன். மைனாவதி தன் டிபன் பாக்ஸையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். மெஷின்மேல் 'ஆபரேட்டர் பி. மைனாவதி' என்று ஒட்டியிருந்த தாளை அவளே நகத்தால் சுரண்டி எடுத்தாள். கொஞ்சம் பிசின் ஒட்டிக்கொண்டது. அதையும் துணி நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். லாரி. இளநீர். நாய். சுவர். தண்ணி லாரி.

பாய்லர் ரூமுக்கு வாசல் கேட்டைப் பார்த்து. அழுத்த முள் இருப்பது அதற்கு எதிர்ச் சுவரில். கேட்டைப் பார்க்கிறவனுக்கு முள் முதுகுப் பக்கம்.

ஈரம் காய்கிறவரை பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். தார் ரோட்டில் ஈரம் காய எவ்வளவு நேரம் ஆகும்.

ஆகஸ்ட் 21, திங்கள்

சபரீசனிடம் சொன்னேன். தப்பு மெஷினில் இல்லை, பாய்லரில், நான்தான் என்றேன். அவன் புதுத் தகட்டைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து சிரித்தான். நாலாவது பாம்பா என்றான்.

பாம்பு இல்லை என்றேன். லாக் புக்கைக் காலை எட்டு மணிக்கே எழுதிவிடுகிறேன் என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, என் தோளைத் தொட்டான். "ஐயா, அந்தக்காவுக்கு வேலை போகுதுன்னு உங்குளுக்கு மனசு கேக்கலை. எனக்கும் கஷ்டமாத்தானுங் இருக்குது. அதுக்காக நீங்க பழியத் தூக்கித் தலைல போட்டுக்கோணும்னு இல்லீங்."

இன்னொரு தரம் சொன்னேன். கேலி பேசாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாததால் அதை வைக்கத் தெரியவில்லை. கடைசியில் சொன்னேன்:

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு அஞ்சு நிமிசம் முன்னால வா தம்பி. பாய்லர் ரூமுக்குள்ள நில்லு. எங்கூடப் பேசாதே. நிக்கறது மட்டும் போதும்."

சரி என்றான், கிழவனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

ஆகஸ்ட் 22, செவ்வாய், காலை

லாக் புக்கில் எட்டு மணி மட்டும் எழுதியிருக்கிறேன். கீழே கட்டம் எல்லாம் காலி. பார்க்கக் கூச்சமாக இருக்கிறது, வேட்டி கட்டாமல் நிற்கிற மாதிரி.

சோதனைக்கு ஐந்தாறு தட்டு ஓட்டப்போவதாகச் சபரீசன் சொன்னான். மெஷினுக்குப் பையன் ஒருத்தனை நிறுத்திவிட்டு அவன் இங்கே வருவானாம்.

சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசனையாக இருக்கிறது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேன். ஏழு நிற்கும். மைனாவதி வீட்டில்தான் இருப்பாள். நின்றால் நல்லது என்று மனசு ஒரு பக்கம் சொல்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 23, புதன்

நேற்று நடந்ததைச் சபரீசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சொன்னபடி எழுதுகிறேன்.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது வந்தானாம். நான் கட்டி போட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவனைப் பார்த்துத் தலையாட்டினேனாம். இது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு படியில் போய் உட்கார்ந்தேனாம். பையிலிருந்து சோற்று டப்பாவை எடுத்து மடியில் வைத்தேனாம். திறக்கவில்லையாம்.

பன்னிரண்டு பத்துக்கு முள் ஆறுக்கு வந்தது. அவன் பேசவில்லை, சொன்ன வாக்குக்காக. பன்னிரண்டு இருபதுக்கு ஐந்து. ஐயா என்று மெதுவாகக் கூப்பிட்டானாம். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு நாலரை. தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அடிக் கோட்டுக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே போனால் பாய்லர் வெடிக்கும். பக்கத்தில் வந்து சத்தமாகக் கூப்பிட்டானாம். இரண்டு தடவை. கண் திறந்துதான் இருந்ததாம். தூங்கவில்லை என்று அவன் சத்தியம் பண்ணுகிறான். அவனே பம்பைப் போட்டுத் தண்ணீர் ஏற்றி, வால்வை மூடினான். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு நான் எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி அடுப்பைத் திறந்து கட்டி போட்டேனாம். அவனைத் திரும்பிப் பார்த்து, என்ன தம்பி, இப்பத்தான் வந்தியா என்று கேட்டேனாம்.

கேட்டது ஞாபகம் இருக்கிறது. அவன் வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்றுதான் நினைத்தேன்.

அவன் வால்வை இன்னொரு தரம் இறுக்கிப் பார்த்தான். வெடித்திருந்தால் உனக்குப் புது ஷெட்டாவது கிடைத்திருக்கும் என்றேன். சிரிக்கவில்லை. படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நேற்று ஓட்டின ஐந்து தட்டில் நாலு கெட்டது என்று சொன்னான். ஐந்து நாளும் வெடிக்காமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று அவன் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 24, வியாழன்

மைனாவதி வீடு சின்னவேடம்பட்டியில். சபரீசன் வண்டியில் அழைத்துப்போனான். அவன் முதலில் மன்னிப்புக் கேட்டான், மாதக் கடைசியில் சொன்னபடி நிரந்தரம் என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவன் வண்டியைத் திருப்பி வைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டான்.

நான் என்ன சொல்வது என்று வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தேன். உள்ளே வந்ததும் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து பேசினாள்.

"ஒரு வார்த்த, ஆமா எறங்குதுன்னு சொல்லியிருந்தா போதும் பெரியப்பா. நானே வந்து கட்டி போட்டிருப்பேன். ஆறு நாளா இந்தூட்டுல, மெசினை ஓட்டத் தெரியாதவன்னு பேரு வாங்கிட்டு உக்காந்திருக்கறேன். என்ற மாமியா சொல்லுது, பொம்பளைக்கு எதுக்கு மெசினுன்னு அன்னிக்கே சொன்னேன்னு."

தப்புத்தான் அம்முணி என்றேன். அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மில்லில்கூட.

அவள் தம்ளரை வாங்கி வைத்தாள். கோபம் இறங்கின மாதிரி தெரியவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. மெசின்கிட்ட நின்னா எனக்கு உங்க படி தெரியும். தெனமும் பார்த்திருக்கறேன். நீங்க குனிஞ்சு சாப்புடுவீங்க. பெரியம்மா உங்களத் திட்டிக்கிட்டே உள்ள முள்ளப் பார்த்துட்டு உக்காந்திருக்கும். எறங்குனா அதுவே எந்திரிச்சுப் போயி ரெண்டு கட்டி போட்டுட்டு வந்து, விட்ட எடத்துலருந்து திட்டும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். ஏழு நின்னது பெரியம்மாவாலதானுங்."

எனக்குத் தெரியாது.

நான் சாப்பிடும்போது நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் இல்லை. ராஜாமணி அடிக்கடி எழுந்து போவாள். வெற்றிலை துப்பப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 26, சனி

பாய்லருக்குப் புது ஆள் வந்துவிட்டார். பெயர் லூர்துராஜ், ஐம்பத்திரண்டு வயது, காரமடைப் பக்கம் ஒரு மில்லிலிருந்து. லாக் புக்கை அவர் கையில் கொடுத்தேன். ஜூலையைத் திறந்து பார்த்துவிட்டு, ஐயாவும் எங்க மில்லுப் பழக்கம் போல என்று கண்ணடித்தார். அந்தப் பழக்கத்தை இந்தப் பக்கம் கொண்டுவராதே அப்பனே என்றேன். நானும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. புதுசாக இருந்தது.

நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். சபரீசன் கேட்கவில்லை. அட்டையில் தட்டுப் போடுகிற இடத்தில் உட்காருங்கள் என்றான்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ரேஷன் கார்டு வேலையை முடித்தேன். கம்ப்யூட்டர் பெண் இறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டுப் பெயரைத் தட்டினாள். உறுதியாக நீக்கலாமா என்று அந்தப் பெட்டியே ஒரு தரம் கேட்கிறதாம். அவள் என்னைப் பார்த்தாள். பெட்டிக்கு இருக்கிற மரியாதை எமனுக்கு இல்லையே அம்முணி என்றேன். சிரித்துவிட்டாள், சிரித்ததற்கு உடனே வருத்தப்பட்டாள். பழைய ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் போல.

மத்தியானம் கம்பெனிக்குப் போனேன். மைனாவதி மெஷினில். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். சரிதான்.

செப்டம்பர் 2, சனி

ஐந்நூறும் முடிந்தது. தர்ஷனாவும் சபரீசனும் எல்லா அடுக்கையும் ஒன்றுவிடாமல் கேட்டார்கள். இந்தத் தடவை சுத்தம். எங்கள் தறி எங்கள் தறியாகவே இருக்கிறது என்றாள் தர்ஷனா.

செப்டம்பர் 4, திங்கள்

கெட்ட தட்டை அப்படியே எறியமாட்டார்கள். நடுவில் ஒட்டின காகிதத்தை வெட்டி எடுத்துவிட்டு, கறுப்பை அரைத்துத் தூளாக்கி மறுபடி உருக்குவார்கள். காகிதம் கலந்தால் அடுத்த ரெக்கார்டு கெடும். கைப்பிடி போட்ட ஒரு வெட்டு மெஷின் இருக்கிறது. தட்டை வைத்து அமுக்கினால் நடுவட்டம் தனியே விழும். நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

பன்னிரண்டு மணி அடுக்கு மொத்தமும், சோதனைத் தட்டும். சீட்டு இன்னும் சொருகியபடியே இருந்தது. மைனாவதி கையெழுத்தில் ஒவ்வொன்றிலும் '12'.

முதல் தட்டை வெட்டுமுன் சபரீசனிடம் ஒன்றைப் போடச் சொன்னேன். இதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை. ஊசி வைத்தான். தறி ஓடியது. தர்ஷனா பாடினாள். அதற்கு அடியில் அந்தச் சத்தம் வந்தது. துணி கிழிகிற மாதிரி என்று சென்னைக்காரர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தெரியவில்லை. யாரோ மண் தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்து, எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. பாட்டு முடிகிறவரை கேட்டேன். போதும் தம்பி என்றேன்.

பிறகு வெட்ட ஆரம்பித்தேன். வை, அமுக்கு, எடு. காகித வட்டம் ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். கைப்பிடி இறுக்கம், தோள்பட்டை வலித்தது. இருபது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. அரைக்கிற மெஷின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. வெட்டின கறுப்பை நானே அள்ளி அதில் போட்டேன்.

கடைசித் தட்டு முடிந்து நிமிர்ந்தபோது மைனாவதி நின்றிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

"பெரியப்பா, சாப்புட வரலீங்ளா? மணி ஒண்ணே கால்."

ஒன்றே காலா என்று கேட்டேன். சுவரில் பார்த்தேன். ஒன்றே கால்தான்.

பன்னிரண்டு போய்விட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

எழுந்து வெளியே போனேன். அவள் கூப்பிட்டாள், நான் நிற்கவில்லை. கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் வெயில். இரண்டு பஸ் போயிருக்கும் அந்த நேரத்துக்குள். நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அங்கேதான் அழுதேன், கருமாதியில் வராத அழுகை. மூக்கு ஒழுகியது, துண்டு எடுத்து வரவில்லை. மைனாவதி வந்து பக்கத்தில் நின்றாள். நான் கேலியாக எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் போய் என் சோற்று டப்பாவையும் தன்னுடையதையும் எடுத்துவந்தாள். கேட்டு நிழலிலேயே உட்கார்ந்தோம். உப்பு இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று என்னைத் திட்டிக்கொண்டே அவள் ரசத்தை என் சோற்றில் ஊற்றினாள். நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.